இரட்டைக் கிணற்றுப் பாலை

ஆர்வெண்டா என்றொரு தேசம் உலகத்தில் எங்கும் கிடையாது. இல்லாத அந்தத் தேசத்தில் எந்த ஆறு எங்கே திரும்புகிறது என்று சண்டை போடுவதற்காக, ராயபுரத்தில் ஒரு படகு மோட்டார் ரிப்பேர் கடையின் மாடியில் ஞாயிறுதோறும் நான்கு பேர் கூடினார்கள். நால்வரில் ஒருத்தி எழில்மொழி. மற்ற மூவரையும் அவள் மனசுக்குள் கழுவிக் கழுவி ஊற்றுவாள். ஆனால் ஒரு ஞாயிறும் தவறவிட மாட்டாள்.

ஆர்வெண்டா ஒரு விளையாட்டு. எந்த நாட்டுக்காரனோ ரொம்ப காலத்துக்கு முன்னால் புத்தகமாக அச்சடித்து, விற்காமல் போய், கைவிட்டது. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஒருவர் கதை சொல்லிக்கொண்டு போவார். மற்றவர்கள் வீரன், திருடன், மந்திரக்காரி என்று வேஷம் எடுத்துக்கொண்டு, "நான் கதவை உடைக்கிறேன்" என்பார்கள். கதவு உடைந்ததா இல்லையா என்பதை இருபது முகம் உள்ள ஒரு கட்டை சொல்லும். உருட்டினால் எண் விழும், அவ்வளவுதான். அந்தத் தேசத்துக்கு ஒரு வரைபடமும் உண்டு. தேன்கூடு மாதிரி முழுக்க ஆறு பக்கக் கட்டங்கள். ஒரு கட்டத்தைக் கடக்க ஒரு நாள் நடக்க வேண்டும்.

புத்தகம் இணையத்தில் எப்படியோ கிடைத்தது. வரைபடம் மட்டும் உலகத்தில் யாரிடமும் இல்லை. தேவப்பிரியத்திடம் இருந்தது.

தேவப்பிரியம் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். திங்கள் முதல் சனி வரை லாரி டிரைவர்களைத் தொண்டை கிழியத் திட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் அறிஞர் ஆகிவிடுவார். நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் எதையோ தேடப்போய், மடித்து வைத்திருந்த அந்த வரைபடம் கையில் சிக்கியதிலிருந்து அவருக்கு நடையே மாறிப்போனது. கூட்டத்துக்கு 'ஆர்வெண்டா மறுவரைவு மன்றம்' என்று பெயர் வைத்தவரும் அவர்தான். நான்கு பேர் இருக்கும் வாட்சப் குழுவில் தினமும் காலையில், "மன்றத்தாருக்கு வணக்கம்" என்று கல்வெட்டு பொறிப்பார். அசலை யாரும் தொடக் கூடாது. அவர் ஸ்கேன் எடுத்துத் தந்த படத்தைப் பார்த்துத்தான் மற்றவர்கள் கட்டம் கட்டமாகப் புதிதாக வரைய வேண்டும். பழசாகிப் பல்லிளிக்கும் அந்தத் தேசத்தை மறுபடி பளிச்சென்று ஆக்குவதுதான் மன்றத்தின் பிறவிப்பயன்.

மன்றத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. கட்டத்துக்குள் எதை வரைந்தாலும் ஆதாரம் வேண்டும். புத்தகத்தில் இந்தப் பக்கம், இந்த வரி என்று காட்ட வேண்டும். ஆதாரம் இல்லை என்றால் கட்டத்தை வெள்ளையாக விட்டு, நடுவில் ஒரு சின்ன வட்டம். 'தெரியாது' என்று அர்த்தம். சட்டத்தால் தீராத சண்டை வந்தால் இருபது முகக் கட்டையை ஆளுக்கொரு தரம் உருட்டுவார்கள். யாருக்குப் பெரிய எண் விழுகிறதோ அவர் சொன்னது சரி. அதற்கு மேல் யாரும் பேசக் கூடாது. இப்படித்தான் ஒரு மலைத்தொடர் போன வருஷம் இடம் மாறியது.

ஃப்ரெடி கீழே இருக்கும் கடைக்காரரின் மகன். அவன் வரையும் மலைகள் எல்லாம் மோட்டார் விசிறியைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும். சுஹைப் வண்ணாரப்பேட்டையில் செல்போன் உறை விற்கிறவன்; விளையாட்டில் கதை சொல்வது அவன் வேலை. வாய் ஓயாது. எழில்மொழி வியாசர்பாடியிலிருந்து வருவாள். வாரம் முழுக்கப் பாரிமுனையில் ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீசில் சரக்கு விவரம் டைப் அடிப்பாள். அடிப்பது அவள், கையெழுத்து முதலாளியுடையது. அது சம்பளத்துக்குச் செய்கிற வேலை, போகட்டும். போன வருஷம் மன்றம் வெளியிட்ட தென்தீவுகள் வரைபடத்தில் கரையோரம் அத்தனையும் அவள் கை வரைந்தது. கீழே மூலையில் பெயர்ப்பெட்டி. 'மறுவரைவு: தேவப்பிரியம், ஃப்ரெடி, சுஹைப். நண்பர்களின் உதவியுடன்.'

நண்பர்கள் என்றால் அவள் ஒருத்திதான்.

"பேரு எங்கண்ணா?" என்று கேட்டாள்.

"எடம் பத்தலம்மா" என்றார் தேவப்பிரியம். பெயர்ப்பெட்டியில் திசைகாட்டும் பூ ஒன்றைச் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் போட்டு வைத்திருந்தார். "அடுத்த மேப்புல கண்டிப்பா. உனுக்குன்னு தனியா ஒரு ஏரியாவே தரேன்."

தந்தார். வடகிழக்குப் பாலைவனத்தை.

அதை யாரும் கேட்கவில்லை. மலை இல்லை, ஊர் இல்லை, காடு இல்லை. வரைபடத்தில் ஊத்தப்பம் அளவுக்கு ஒரு செம்பழுப்புப் படலம். நடுவில் அடர்த்தி, ஓரத்துக்கு வர வர வெளிறல். சரியாக நடுவில், பக்கத்துப் பக்கத்தில், இரண்டு கரும்புள்ளிகள். புத்தகத்தில் இந்தப் பாலைவனத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. சட்டப்படி பார்த்தால் அத்தனையும் வெள்ளைக் கட்டம் ஆகியிருக்க வேண்டும். ஆனால் சட்டம் போட்டவருக்குப் பாலைவனத்தின் மேல் காதல் வந்துவிட்டது. "வரைபடமே ஆதாரம்" என்று ஒரு உபசட்டம் போட்டார். செம்பாலை என்று பெயர் சூட்டினார். புள்ளிகள் இரண்டும் இரட்டைக் கிணறு ஆயின. 'செம்பாலையின் நீர்வளம்: ஓர் ஆய்வு' என்று முழ நீளக் கட்டுரை எழுதி, ஆங்கிலத்தில் பெயர்த்து, ஆர்வெண்டா பைத்தியங்கள் உலகம் முழுவதிலிருந்தும் வந்து கூடுகிற இணையதளத்தில் போட்டார். தளத்தை நடத்துகிற போலந்துக்காரர் ஒருவர், "மகத்தான கண்டுபிடிப்பு" என்று பதில் எழுதிவிட்டார். அன்றிலிருந்து தேவப்பிரியத்தைக் கையில் பிடிக்க முடியவில்லை. டீ சொல்லும்போதுகூடப் போலந்தைக் கொண்டுவந்தார்.

சுஹைப் சும்மா இருப்பானா? பாலைவனத்துக்குள் ஒரு நெடுங்கதையை ஓட்டினான். ஃப்ரெடியின் வீரன் இரட்டைக் கிணற்றுக்கு ஒரு கட்டம் தள்ளி, தாகத்தில் நாக்கு வறண்டு செத்தான். ஃப்ரெடி நிஜமாகவே அழுதான். முன்னால் இருந்த பிரியாணியைத் தொடவில்லை. சுஹைப் இரண்டு பொட்டலத்தையும் சாப்பிட்டான்.

இந்தக் கோமாளிகளை ஏளனம் செய்ய எழில்மொழிக்கு எந்த யோக்கியதையும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவளும் மணல்மேடுகளுக்கு நிழல் போட்டாள். காற்று எந்தப் பக்கமிருந்து வீசும் என்று யோசித்து யோசித்துப் போட்டாள். ஒட்டகப் பாதை ஒன்றுக்காகச் சுஹைபோடு ஒரு மாசம் பேசாமல் இருந்தாள். ஏரியா முடிந்தால் பெயர் வரும். அந்த ஒன்றுக்காகத்தான்.

வரைபடம் முடிந்தது. அடையாற்றில் ஒரு காபிக் கடையில் இந்த மாதிரி விளையாட்டுக்காரர்கள் கூடப்போகிறார்கள் என்றும், அங்கே சுவர் அகலத்துக்கு ஆர்வெண்டாவை ஃப்ளெக்ஸ் அடித்து மாட்டலாம் என்றும் தேவப்பிரியத்துக்கு அழைப்பு வந்தது. வடசென்னையை அறிவுலகம் திரும்பிப் பார்க்கும் நேரம் என்று குழுவில் பொறித்தார். ஃப்ளெக்ஸ் கடைக்கு ஃபைல் கொடுப்பதற்கு முன் நிறம் சரிபார்க்க வேண்டுமே. அதற்காக அந்த ஞாயிறு, வரலாற்றில் முதல் தடவையாக, அசல் வெளியே வந்தது.

"கை கய்வினு வாங்க எல்லாரும்" என்றார். மேஜைமேல் கைக்குட்டையை விரித்தார். பிளாஸ்டிக் உறையிலிருந்து இரண்டு விரலால் உருவி வைத்தார். "ஃப்ரெடி, நீ கய்வினாலும் கிட்ட வராத. ஒன் கைல கிரீசு."

"அது போவாதுண்ணா. பொறந்ததுலேந்து கீது" என்றான் ஃப்ரெடி.

"ஆஸ்பத்திரில கொயந்தய காட்றா மாதிரி காட்றியேண்ணா" என்றான் சுஹைப். "தொட்டுப் பாக்கலாமா, இல்ல கண்ணாடிக்கு வெளிய நிக்கணுமா?"

"எழில் மட்டும் எடு. பாலை கலரு கரெக்டா கீதான்னு பாரு."

எழில்மொழி எடுத்துக்கொண்டு சன்னல் பக்கம் போனாள். லேப்டாப்பில் தான் போட்ட செம்பழுப்பையும் அசலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கொஞ்சம் வெளிச்சம் போதவில்லை. காகிதத்தைச் சன்னலுக்கு நேரே தூக்கினாள். வெயில் ஊடுருவி வந்தது. பாலைவனம் விளக்குப் போட்ட மாதிரி எரிந்தது. மற்ற எதுவும் எரியவில்லை.

திருப்பினாள். பின்பக்கம் வெறும் வெள்ளை. அந்த வெள்ளையில் அதே இடத்தில் அதே ஊத்தப்பம். இந்தப் பக்கம் இன்னும் கறுப்பாகவே இருந்தது.

ராயபுரத்தில் எதையாவது இரும்பில் வாங்கி வைத்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவை இல்லை. அந்தச் சன்னல் கம்பி துரு. கதவுத் தாழ்ப்பாள் துரு. கீழே ஃப்ரெடியின் அப்பா நாள் முழுக்கச் சுரண்டித் தள்ளுவது துரு. கடல்காற்று படுகிற தெருவில் ரேஷன் கார்டு ஜெராக்ஸில் ஒரு பின் போட்டு வைத்தால், அடுத்த மழைக்குள் இதே நிறத்தில், இதே வட்டத்தில் ஒரு பாலைவனம் ரெடி. பிறந்ததிலிருந்து துருவில் புரண்ட நான்கு பேர், துருவுக்குக் கட்டம் கட்டி, காற்று வீசும் திசை கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

"ண்ணா, பாலை பின்னாடியும் கீது" என்றாள்.

"மை ஊறியிருக்கும். அந்த காலத்து அச்சு."

"கடலு ஊறல. மலை ஊறல. காடு ஊறல. பாலை மட்டும் ஊறிச்சா?"

சுஹைப் எழுந்து வந்தான். காகிதத்தை வெயிலில் பிடித்தபடியே இரட்டைக் கிணற்றில் ஒற்றைக் கண்ணை வைத்தான். "மாமு, கெணத்துல தண்ணி இல்ல. அந்தாண்ட காசிமேடு தெரியுது."

"இன்னாடா ஒளர்ற?"

"ஓட்டைண்ணா. ஸ்டேப்ளர் பின்னு போட்ட ஓட்ட. பொஸ்தகத்தோட சேத்து பின்னு அடிச்சிகீறான். பின்னு துருப்புடிச்சி அப்பால உதுந்துபோச்சி."

ஃப்ரெடி தடையை மறந்து கிட்ட வந்தான். விரலை எச்சிலில் நனைத்து, பின்பக்கம் ஓரமாக ஒரு தேய்ப்புத் தேய்த்து, விரலைப் பார்த்தான். அவனுக்குத் தெரியாத நிறமா? முகம் தொங்கிவிட்டது.

"அப்ப என் ஆளு துருலயா செத்தான்?"

"தாகத்துல செத்தான்" என்றான் சுஹைப். "துரு மேல."

"பிரியாணிய நீ துன்னடா அன்னிக்கி!"

தேவப்பிரியம் அசலை வாங்கிக் கைக்குட்டையில் மூடினார். பிணத்தின் முகத்தை மூடுகிற மாதிரி மூடினார். லாரி டிரைவர்களிடம் பேசும் குரல் முதலில் வந்தது. அதை விழுங்கிவிட்டு அறிஞர் குரலை வரவழைத்தார்.

"துருவாவே இருக்கட்டும். போலந்துக்காரரு ஒத்துக்கினாரு இல்ல? இன்னிக்கி நாலு நாட்டுல செம்பாலைல ஆடிகினு கீறாங்க. அத்தினி பேரும் முட்டாளா?"

"நம்ம மாதிரியேதான்" என்றாள் எழில்மொழி.

தேவப்பிரியம் லேப்டாப்பை இழுத்து, பெயர்ப்பெட்டியைத் திறந்தார். தட்டு அளவுப் பூவைச் சுருக்கி ஓரம் தள்ளினார். இவ்வளவு நாள் இல்லாத இடம் ஒரே நொடியில் வந்தது. முதல் வரியில், மற்ற பெயர்களைவிடப் பெரிய எழுத்தில் அடித்தார்: 'செம்பாலை: எழில்மொழி.'

"மொதப் பேரு உன்னுது" என்றார் மெதுவாக. "என் பேரு ரெண்டாவது. அடையாறுல அத்தினி பேரும் பாப்பாங்க. பின்பக்கத்த யாரும் பாக்கப் போறது இல்ல. இன்னா சொல்ற?"

எழில்மொழி திரையைப் பார்த்தாள். தன் பெயரை அச்செழுத்தில் அவள் பார்த்தது ஆதார் அட்டையிலும் சம்பளச் சீட்டிலும்தான். ரெண்டிலும் ழகரத்தைத் தப்பாக அடித்திருந்தார்கள். இங்கே சரியாக இருந்தது. சுவர் அகலத்துக்கு அடித்தால் ஒவ்வொரு எழுத்தும் உள்ளங்கை அளவு வரும். அவளுக்கு ஆசை வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. நாக்கில் ஊறியது.

ஆனால் பெயருக்கு முன்னால் ஒரு சொல் இருந்ததே. தெருவில் கிடக்கிற கறைக்கெல்லாம் உரிமையாளர் பெயர் எழுதி வைப்பார்களா என்ன? கறைக்குக் கீழே நின்றுகொண்டு, அடையாற்றுக்காரர்கள் கை குலுக்க, "நீங்கதானா செம்பாலை?" என்று கேட்க, இவள் பல்லைக் காட்ட வேண்டும்.

"பேரு போடுண்ணா. ஆனா பாலைய எட்த்துடு" என்றாள். "சட்டம் நீதான போட்ட? ஆதாரம் இல்லன்னா வெள்ளக் கட்டம். அல்லாத்தையும் வெள்ளையா உடு. நடுவுல வட்டம் போடு. 'வெள்ளைக் கட்டங்கள்: எழில்மொழி'ன்னு அதுக்குக் கீய போடு. ஒத்துக்கறேன்."

"ஒண்ணுமில்லாத எடத்துக்கு யாருனா பேரு போட்டுக்குவாங்களா?"

"ஆர்வெண்டாவே ஒண்ணுமில்லாத ஊருதானண்ணா. அதுக்கு நீ மன்றமே வெச்சிகீற."

சுஹைப் சிரித்துத் தொலைத்தான். தேவப்பிரியத்தின் காது சிவந்தது. "கட்டைய எடு" என்றார்.

"இன்னாத்துக்கு?"

"சண்ட வந்தா கட்டை. அதுவும் சட்டம்தான்."

"துருவா இல்லியான்னு கட்டைய உருட்டிப் பாப்பியாண்ணா?" என்று கேட்டாள். நம்ப முடியவில்லை. ஆனால் சுஹைப் ஏற்கெனவே கட்டையை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டான். ஃப்ரெடி குனிந்து பார்க்க வசதியாக நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டான். கட்டை என்றால் இவர்களுக்குக் கோயில் மணி மாதிரி. பழக்க தோஷம், அவளும் கையை நீட்டி எடுத்தாள். உருட்டினாள்.

நான்கு.

தேவப்பிரியம் கட்டையை இரண்டு கைக்குள் பொத்தி, ஊதி, உருட்டினார். பதினேழு.

"துரு தோத்துப்போச்சி" என்றான் சுஹைப்.

மூன்று ஆண்பிள்ளைகளும் ஒரு பெருமூச்சு விட்டார்கள். விஷயம் தீர்ந்தது. ஃப்ரெடிகூடத் தெளிந்துவிட்டான், அவன் வீரன் மறுபடி நியாயமாகத் தாகத்தில் செத்தவன் ஆனான். தேவப்பிரியம் பெயர்ப்பெட்டிக்குத் திரும்பினார். முதல் வரியின் கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக அழித்தார். ஒரே தட்டில் அழித்திருக்கலாம். அவள் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக அழித்தார். பிறகு பூவைப் பழைய அளவுக்கு இழுத்துவிட்டார்.

எழில்மொழி பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"கெளம்பறியா? டீ வருது" என்றான் ஃப்ரெடி.

"கட்டைய உருட்டிப் பாரு. நான் போனேனா இல்லியான்னு அது சொல்லும்."

பஸ்ஸில் உட்கார்ந்ததும் சுஹைபிடமிருந்து ஒரு படம் வந்தது. காகிதத்தை அவள் வெயிலில் தூக்கிப் பிடித்த நேரத்தில் பின்னால் நின்று எடுத்திருக்கிறான். பின்பக்க வெள்ளை, ஊத்தப்பம், இரண்டு ஓட்டை வழியாக இரண்டு வெளிச்சப் புள்ளி. கூடவே, 'அண்ணனாண்ட சொல்லாத, செருப்பால அடிப்பாரு' என்று ஒரு வரி.

அந்த இணையதளத்துக்குள் போனாள். அவளுக்குத் தெரிந்த ஆங்கிலம் ஆபீசில் சரக்கு விவரம் அடிக்கிற ஆங்கிலம்தான். அதிலேயே எழுதினாள். விவரம்: துரு. காரணம்: ஸ்டேப்ளர் பின். நிலை: பழையது. கிணறு: இல்லை, ஓட்டை. பிறந்த நாடு: தெரியாது. கீழே தன் முழுப் பெயர். படத்தைச் சேர்த்து அனுப்பிவிட்டு, டிக்கெட்டைச் சுருட்டிக் காதில் செருகிக்கொண்டு தூங்கிவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் போலந்துக்காரர் பதில் எழுதியிருந்தார். அந்த மனிதருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. பத்து வருஷத்தில் இவ்வளவு அழகான விஷயம் தளத்துக்கு வந்ததில்லையாம். ஆனால் பாலைவனத்தை எடுக்க முடியாதாம். நாலு நாட்டில் ஆடிக்கொண்டிருக்கிறார்கள், ஒரு குழு இப்போதுதான் இரட்டைக் கிணற்றில் கோட்டை கட்டியிருக்கிறதாம். எனவே எல்லாருக்கும் நியாயமாக இருக்கட்டும் என்று தளத்தின் நன்றிப் பட்டியலில் இரண்டு வரி சேர்த்துவிட்டாராம். 'செம்பாலையைக் கண்டறிந்தவர்: தேவப்பிரியம். அது துரு எனக் கண்டறிந்தவர்: எழில்மொழி.'

எழில்மொழி வாய்விட்டுச் சிரித்தாள். உலகம் முழுக்கவும் ராயபுரத்து மாடிதான் போலிருக்கிறது.

"இன்னாடி தனியா சிரிக்கற?" என்று சமையல் பக்கமிருந்து பூவம்மா கேட்டாள். பூவம்மா அவள் அம்மா.

"என் பேரு வந்துகீதுமா. வெளிநாட்டுல."

"எதுல?"

"துருவக் கண்டுபுட்ச்சதுக்கு."

"வூட்ல தண்ணி டிரம்மு மூடி துருப்புடிச்சிக் கெடக்குது. ரெண்டு வாரமா தேய்டி தேய்டின்னு கத்திகினு கீறேன். அத்த கண்டுபுடி மொதல்ல."

எழில்மொழி மூடியை எடுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் தேய்த்தாள். அடிக்கடி கையைத் துடைத்துக்கொண்டு செல்போனை எடுத்து அந்த வரியைப் பார்த்தாள். ழகரம் ஆங்கிலத்தில் என்ன ஆகுமோ அது ஆகியிருந்தது. ஆனாலும் பெயர் அவளுடையது. அதற்கு முன்னால் இருந்த சொல்லில் பொய் இல்லை. குழுவில் தேவப்பிரியம், 'மன்றத்தின் மாண்பைக் குலைத்த உறுப்பினர் நீக்கப்படுகிறார்' என்று பொறித்து அவளை வெளியே தள்ளினார். அந்தக் கல்வெட்டையும் சுஹைப்தான் படம் பிடித்து அனுப்பினான்.

ஃப்ளெக்ஸ் அடையாறு போயிற்று. காபிக் கடையில் அதன் முன்னால் நின்று நிறையப் பேர் செல்ஃபி எடுத்தார்களாம். செம்பாலை ரொம்ப அழகு என்றார்களாம். பிறகு ஃப்ளெக்ஸைச் சுருட்டி எடுத்துவந்து மன்றத்து மாடியில், சன்னலுக்கு எதிர்ச்சுவரில், நாலு மூலையிலும் ஆணி அடித்து மாட்டினார்கள். கூரைக்கும் சுவருக்கும் நடுவே விரல் போகிற இடைவெளி. ஐப்பசி வந்தது. மழை வந்தது.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சுஹைப் கூப்பிட்டான். ரகசியக் குரல்.

"எழிலு, மேப்புல தெக்கால மூல கீது இல்ல, கடலு?"

"ஆமா. ஒண்ணுமே கெடயாது அங்க. வெறும் நீலம்."

"ஆணி அடிச்சிகீதுல்ல அங்க. மயத்தண்ணி எறங்கி, செவப்பா ஒரு தீவு மாதிரி வந்துகீது. வால்லாம் கீது."

எழில்மொழிக்குச் சிரிப்பு முட்டியது. "அண்ணன் பாத்துட்டாரா?"

"பாத்துகினேதான் கீறாரு. பேச மாட்றாரு."

"இன்னா பண்றாரு?"

"ஸ்கேலு கேட்டாரு. ஃப்ரெடி எட்த்தாரப் போய்க்கீறான்."